திரும்பி வரத் தெரிந்தவரே பயணி

இளையோர் பாடம்: வெளிப்புறப் பயணமும் பொறுப்பும்



பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில்தான் அங்கே போய் இறங்குகிறார்கள். அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். வகுப்பில் புது நண்பர்கள் கிடைப்பார்கள். "வா, ஸ்காட்லாந்து மலைப்பக்கம் நாலு நாள் சைக்கிளில் போய், கூடாரம் போட்டுத் தங்கிட்டு வரலாம்" என்று கூப்பிடுவார்கள். ஆசையாக இருக்கும். போகலாம், தப்பே இல்லை. ஆனால், எதைத் தெரிந்துகொண்டு போவது?

திருக்குறளில் 47 முதல் 50 வரை உள்ள நான்கு அதிகாரங்களைப் பாருங்கள்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். இவை அரசனுக்காகச் சொல்லப்பட்டவை. என்றாலும், மலைக்குப் புறப்படும் மாணவனுக்கும் இதே நான்கு கேள்விகள்தான்: எந்த இடம்? எந்தக் காலம்? யாருக்கு எவ்வளவு வலிமை? இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது? இந்த வரிசையிலேயே பாடத்தைப் படிப்போம். எடுத்துக்காட்டாக ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம்ஸ் மலைப்பகுதியை எடுத்துக்கொள்வோம்.

1. இடம் அறிதல்

கெய்ர்ன்கோர்ம்ஸ் தேசியப் பூங்கா 2003இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு 4,528 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஆறு மடங்கு. பிரிட்டனில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா கிடையாது.

இங்குள்ள மிக உயர்ந்த சிகரம் பென் மக்டூயி, 1,309 மீட்டர். "இவ்வளவுதானா? நம்ம கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரமே 2,000 மீட்டருக்கு மேல. அதுக்கு வேன்லயே போயிட்டு வந்தோமே!" என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மலையின் ஆபத்தை உயரத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. இந்த இடம் வட அட்சம் 57 டிகிரியில் இருக்கிறது. ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேல் மரமே இல்லை எனலாம். காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. கெய்ர்ன்கோர்ம் சிகரத்தில் 1986 மார்ச் 20ஆம் தேதி மணிக்கு 278 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது.

சட்டம் என்ன சொல்கிறது? ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை தருகிறது. சிறு குழுவாகக் கூடாரம் போட்டு ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவு தங்கலாம். இங்கிலாந்தில் இதே உரிமை இல்லை. அங்கே போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரிமை என்றால் கண்ட இடத்தில் குப்பை போடும் உரிமை இல்லை. வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும். இலையுதிர் காலம் மான் வேட்டை நடக்கும் காலமும்கூட. பாதை ஓரத்தில் இருக்கும் அறிவிப்புகளைப் படித்து, வேட்டை நடக்கும் மலைச்சரிவைத் தவிர்த்துப் போக வேண்டும்.

மலைக்குள் ‘பாத்தி’ என்று அவர்கள் சொல்லும் குடில்கள் உண்டு. கல்லால் கட்டிய பழைய வீடுகள். பூட்டு இல்லை, வாடகை இல்லை, முன்பதிவு இல்லை. 1965இல் தொடங்கப்பட்ட ஒரு தொண்டர் சங்கம் இப்படி ஏறக்குறைய நூறு குடில்களைப் பராமரித்து வருகிறது. முன்பின் தெரியாதவர் ஈரத்தோடு வந்தாலும் இடம் கொடுப்பதும், போகும்போது அடுத்து வருபவருக்காகக் கொஞ்சம் காய்ந்த விறகை விட்டுப் போவதும் அங்குள்ள வழக்கம். நம் ஊர்ச் சத்திரம் போலத்தான். ஆனால் ஒன்று: குடில் நிறைந்திருக்கலாம், நாம் போய்ச் சேர முடியாமலும் போகலாம். "குடில் இருக்கே" என்று சொல்லிக் கூடாரத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

2. காலம் அறிதல்

நமக்குச் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு வரும், ஏழு மணிக்குப் போகும். வருடம் முழுக்க அப்படித்தான். அதனால் பகலை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. கெய்ர்ன்கோர்ம்ஸில் செப்டம்பர் தொடக்கத்தில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம். அக்டோபர் கடைசியில் 9 மணி நேரம்தான். அதாவது ஒவ்வொரு நாளும் சுமார் 5 நிமிடம் குறைகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கோடைக்காலத்தில் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பைப் படித்துவிட்டு "ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டலாமாம்" என்று நீங்கள் இலையுதிர் காலத்தில் கிளம்பினால், பாதித் தூரம் இருட்டில்தான்.

இதே காலத்தில்தான் அட்லாண்டிக் கடலிலிருந்து புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். 2015 முதல் பிரிட்டன் வானிலை நிலையம் பெரிய புயல்களுக்குப் பெயர் வைக்கிறது. புதுப் பெயர்ப்பட்டியல் செப்டம்பரில் தொடங்கும். எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும்: மஞ்சள், அம்பர், சிவப்பு. 2023 அக்டோபரில் வந்த பாபெட் புயலின்போது, கெய்ர்ன்கோர்ம்ஸுக்குக் கிழக்கே உள்ள ஆங்கஸ், அபர்டீன்ஷைர் பகுதிகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். பிரெச்சின் என்ற ஊருக்குள் ஆற்று வெள்ளம் புகுந்தது.

இவ்வளவு சொல்லியும் ஏன் அந்தக் காலத்தில் போகிறார்கள்? காரணம் இருக்கிறது. கோடையில் ஆளைப் பிடுங்கி எடுக்கும் மிட்ஜ் என்ற பொடிக்கொசு அப்போது அடங்கிவிடும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். மலைச்சரிவு முழுவதும் செம்பழுப்பாகும். அக்டோபரில் ஆண் மான்கள் துணை தேடிக் கர்ஜிக்கும் சத்தம் இரவு முழுக்கக் கூடாரத்துக்குள் கேட்கும். ஒரு புயலுக்கும் அடுத்த புயலுக்கும் நடுவே வரும் தெளிந்த காலைப்பொழுது அவ்வளவு அழகு. அந்த இடைவெளியைப் பிடிக்கத் தெரிவதுதான் காலம் அறிதல்.

3. வலி அறிதல்

வலி என்றால் இங்கே வலிமை. நம் வலிமை, எதிரே இருப்பதன் வலிமை, இரண்டையும் பார்க்க வேண்டும்.

காற்றும் தண்ணீரும்: இரண்டுக்கும் ஒரே கணக்கு. வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்றில் மெதுவாக மிதித்துப் போகலாம். 60 ஆனால் "இன்னும் கொஞ்சம் கஷ்டம்" என்று நினைக்காதீர்கள். விசை நாலு மடங்கு. பக்கவாட்டில் வீசினால் பையோடு சேர்த்துச் சைக்கிளைச் சாய்த்துவிடும். அப்போது இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குளிர்: உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது உடல்குளிர்வு நோய். பனிக்கட்டி இருந்தால்தான் வரும் என்று எண்ண வேண்டாம். 5 டிகிரி மழையும் காற்றும் போதும். மிதிக்கிறவரை சைக்கிள் நம்மைச் சூடாக வைத்திருக்கும். டயர் பஞ்சராகி நின்ற உடனே சூடு இறங்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போய், டியூபை வெளியே எடுக்கவே முடியாது. ஆகவே நின்றதும் முதலில் கையில் எடுக்க வேண்டியது பஞ்சர் பெட்டியை இல்லை, கதகதப்பான மேல்சட்டையை. சட்டையைப் போட்டு, வாயில் ஏதாவது தின்பண்டத்தைப் போட்டுக்கொண்டு, பிறகு டயரைப் பாருங்கள்.

நண்பரிடம் இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்: விடாத நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம், "என்னை விடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்ற எரிச்சல். நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் போகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது நல்ல செய்தி அல்ல, பேராபத்து. அங்கேயே நின்று, காற்றுப் படாத இடமாகப் பார்த்துக் கூடாரம் போட்டு, ஈர உடையை மாற்றி, போர்வைப் பைக்குள் படுக்கவைத்து, உதவி கேட்க வேண்டும்.

உடை: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயவே காயாது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளே, மழைச்சட்டை வெளியே. ஒரு முழு மாற்று உடையை நீர் புகாத பைக்குள் கட்டி வைத்துவிடுங்கள். அது இரவுக்கு மட்டும். காலையில் எழுந்ததும் அந்தக் காய்ந்த உடையைக் கழற்றி, நேற்றைய ஈர உடையையே திரும்ப மாட்ட வேண்டும். அழுகை வரும்! ஆனால் அன்றிரவும் காய்ந்த உடை கையில் இருக்கும். இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாதவர் இரண்டாம் நாள் இரவு மாட்டிக்கொள்வார்.

கூடாரம்: மேட்டின் உச்சியில் காற்று அடிக்கும். ஆற்றங்கரையில் வெள்ளம் வரும். பட்ட மரத்தின் அடியில் கிளை விழும். இந்த மூன்றையும் விட்டு இடம் பாருங்கள். வெளிச்சம் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூடாரம் எழும்பிவிட வேண்டும். சிறிய பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். எல்லா இழுகயிறுகளையும் கட்டுங்கள். "ராத்திரி காத்து வந்தா கட்டிக்கலாம்" என்பது நடக்காது. எவ்வளவு குளிர் அடித்தாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். வெறும் பியூட்டேன் எரிவாயு உறைநிலைக்கு அருகில் வேலை செய்யாது. புரோப்பேன் கலந்த உருளை வாங்குங்கள்.

சாப்பாடு: காலையில் பசியாற ஓட்ஸ் கஞ்சிதான் அந்த ஊர் வழக்கம். நமக்கும் கஞ்சி புதிதல்ல. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை: ஓட்ஸ், பருப்பு, கடலை, பேரீச்சம்பழம், அவல், வெண்ணெய். குளிரில் உடம்பு எரிபொருள் கேட்டுக்கொண்டே இருக்கும். பசி வருவதற்கு முன்பே சாப்பிடுங்கள்.

சுமை: மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சும் முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். சைக்கிள் பைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது. "இது ஒண்ணுதான், லேசாத்தான் இருக்கு" என்று இருபது பொருள் சேர்ந்தால் ஏற்றத்தில் தெரியும். ஆனால் எடையைக் குறைக்கிறேன் என்று காகித வரைபடம், திசைகாட்டி, விசில், தலைவிளக்கு, மாற்று பிரேக் கட்டை, மாற்று டியூப் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். மழையிலும் மணல் சேற்றிலும் பிரேக் கட்டை வேகமாகத் தேயும். கைப்பேசியின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது.

4. தெரிந்து செயல்படுதல்

இனி ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். பிளேர் ஆதோல் என்ற ரயில் நிலைய ஊரிலிருந்து கிளென் டில்ட் பள்ளத்தாக்கு வழியாக லின் ஆஃப் டீ வரை சுமார் 35 கிலோமீட்டர். மலைச் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பழக்கமான வழி. முதல் பாதி நல்ல மண்சாலை. பிறகு ஒற்றையடிப் பாதை. ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் டார்ஃப் என்ற ஆறு குறுக்கே வரும். அதன் மேல் ஒரு சிறு தொங்குபாலம், பெயர் பெட்ஃபோர்ட் பாலம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? 1879 ஆகஸ்ட் 25ஆம் தேதி பிரான்சிஸ் ஜான் பெட்ஃபோர்ட் என்ற இளைஞர் அங்கே ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 18. அவருடைய நண்பர்களும் மற்றவர்களும் பணம் திரட்ட, ஸ்காட்லாந்துப் பாதையுரிமைச் சங்கமும் சேர்ந்து, 1886இல் அங்கே பாலம் கட்டினார்கள். இன்றைக்கு அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் காலை நனைக்காமல் கடக்கிறோமே, அது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் உயிருக்கு ஈடாக வந்த பாலம்.

பாலத்தைத் தாண்டியதும் "அப்பாடா, ஆறு முடிந்தது" என்று தோன்றும். முடியவில்லை. இன்னும் சில கிலோமீட்டர் போனால் பைனாக் என்ற இடிந்த பழைய வீடு வரும். அதற்கு அப்பால் கெல்டி என்ற ஓடை. அதற்குப் பாலம் இல்லை, இறங்கித்தான் கடக்க வேண்டும். கோடையில் கணுக்கால் அளவு. இலையுதிர் காலத்தில் நிலம் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்; மேலே பெய்கிற மழை தங்காமல் நேரே ஆற்றுக்கு வரும். சில மணி நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு ஏறலாம். நம் அருவிகளில் ‘கெப்பாலா ஆயர்’ வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்தானே? நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே எங்கோ மேலே பெய்த மழை வந்து அடித்துக்கொண்டு போகும். அதே கதைதான்.

இப்போது அந்தக் கரையில் நின்று யோசியுங்கள். 25 கிலோமீட்டர் மழையில் வந்தாயிற்று. அக்கரைக்குப் போய்விட்டால் நல்ல மண்பாதை. திரும்பினால் அதே 25 கிலோமீட்டர், எதிர்க்காற்று, இருட்டு வேறு. குழுவில் ஒருவர் சொல்வார்: "இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்புறதா? பத்தே எட்டுதான், கைய கோத்துக்கிட்டு போயிடலாம்." அந்தப் பேச்சுதான் ஆற்றைவிட ஆபத்தானது. வந்த தூரம் ஆற்றின் ஆழத்தைக் குறைக்காது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: காத்திருப்பது. மலை ஆறு ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம். மழை நின்றால் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் வடிந்துவிடும். கூடாரம், ஒரு நாளைக்கான கூடுதல் உணவு, காய்ந்த உடை, இந்த மூன்றும் கையில் இருப்பவருக்குத்தான் காத்திருக்க முடியும். அதனால்தான் மேலே அவ்வளவு சொன்னேன். தண்ணீர் வடிந்த பிறகு கடக்கும்போதும் காலணியோடு இறங்குங்கள். முதுகுப்பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடுங்கள். சைக்கிள் உங்களுக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேல்பக்கம் இருந்தால் ஓட்டம் அதை உங்கள் மேலேயே தள்ளும். முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் இறங்கவே வேண்டாம்.

குழுவை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு பாடம் இதே மலையில் உண்டு. 1971 நவம்பர் 20ஆம் தேதி, எடின்பரோ நகரத்துப் பள்ளி மாணவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து கெய்ர்ன்கோர்ம் பீடபூமியில் நடந்தார்கள். வானிலை மோசமானது. மேலே ஒரு சிறு தங்குமிடம் இருந்தது. முதல் குழு அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டாம் குழு சேர முடியாமல் பனிப்புயலில் வெட்டவெளியில் இரண்டு இரவுகள் கிடந்தது. 5 மாணவர்களும் 18 வயதுப் பயிற்சித் தலைவி ஒருவரும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 2 பேர். பிரிட்டனில் அதற்குப் பிறகுதான் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிறவர்களின் பயிற்சி கடுமையாக்கப்பட்டது. பீடபூமியில் இருந்த அந்தத் தங்குமிடத்தையும் சில ஆண்டுகளில் அகற்றிவிட்டார்கள். காப்பாற்ற வேண்டிய கூரையை ஏன் அகற்ற வேண்டும்? "அங்கே போய்விட்டால் போதும்" என்ற நம்பிக்கையே ஆட்களைப் புயலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது என்று அஞ்சினார்கள்.

கிளையின் நுனிவரை ஏறிவிட்டவர் அதற்கும் மேலே போக முயன்றால் உயிர் போகும் என்று அதே வலியறிதல் அதிகாரம் எச்சரிக்கிறது. நுனியில் நிற்கும்போது புத்தி சரியாக வேலை செய்யாது. குளிர், பசி, நண்பர்கள் முன் வெட்கம், செலவழித்த பணம் எல்லாம் சேர்ந்து முடிவெடுக்கும். ஆகவே திரும்பும் முடிவை ஆற்றங்கரையில் எடுக்காதீர்கள். வீட்டு மேசையில், சூடான தேநீரோடு, புறப்படுவதற்கு முன்பே எடுங்கள். ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்:

• அம்பர் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் புறப்பட மாட்டோம். மஞ்சள் என்றால் பாதையை மாற்றுவோம்.
• பகல் 12 மணிக்குள் இன்ன இடத்தைத் தொடவில்லை என்றால் திரும்புவோம்.
• முழங்காலுக்கு மேல் ஓடும் ஆற்றில் இறங்க மாட்டோம்.
• யாருக்காவது நடுக்கம் நிற்கவில்லை என்றால் அங்கேயே கூடாரம்.
• குழுவில் ஒரே ஒருவர் "வேண்டாம்" என்றாலும் போதும். காரணம் கேட்டுக் கேலி செய்ய மாட்டோம். ஆலோசனையில் வயதில் சிறியவர் முதலில் பேசட்டும். அண்ணன் பேசிய பிறகு தம்பி வாய் திறக்க மாட்டான்.

திரும்புகிறவருக்கு மாற்று வழியையும் முன்பே பார்த்து வையுங்கள். பிளேர் ஆதோலுக்குத் திரும்பினால் வடக்கே ஏவிமோருக்கு ரயில் இருக்கிறது (சைக்கிளுக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும்). டிரமோக்டர் கணவாய் வழியாக 7ஆம் எண் தேசியச் சைக்கிள் பாதையும் இருக்கிறது. மாற்று வழி கையில் இருந்தால் திரும்புவது தோல்வியாகத் தெரியாது.

உதவி தேவைப்பட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் அலை கிடைக்காது. குறுஞ்செய்தி மூலம் 999ஐத் தொடர்புகொள்ளும் வசதி உண்டு. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம்முடைய பிடிவாதத்துக்காக அவர்களும் அதே புயலுக்குள் வர வேண்டியிருக்கும். நம் முடிவு நம் உயிரை மட்டும் பற்றியதல்ல.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் கிளையின் கடைசி முகாமில் "வேண்டாம்" என்று சொல்ல நினைத்தும் சொல்லாமல் இருந்தவர் யாராவது உண்டா? ஏன் சொல்லவில்லை?
2. ஆபத்தான இடத்தில் இருக்கும் தங்குமிடத்தை அகற்றியது சரியா? இரு பக்கமும் வாதிடுங்கள்.
3. கெல்டி ஓடைக் கரையில் நிற்கும் நான்கு பேராக நடித்துப் பாருங்கள். ஒருவருக்கு மறுநாள் தேர்வு. ஒருவருக்குக் குளிர். ஒருவர் தலைவர். ஒருவர் மிகவும் இளையவர். பத்து நிமிடத்தில் முடிவுக்கு வாருங்கள்.

செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன், இடி மின்னல் இல்லாத ஒரு மழை நாளில், திடலில் கூடாரத்தைப் போட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, உள்ளே எது நனைகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு கைகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு ஒரு சைக்கிள் டியூபை மாற்ற முயலுங்கள். இந்தப் பாடத்தில் படித்தது அப்போது கைக்கே புரிந்துவிடும்.